ஆறு புளியங்கொட்டையை மேசையில் வையுங்கள்: எங்கள் ஊர்க் கழக நிர்வாகசபைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், கரப்பந்தாட்ட அணிக்குப் பொறுப்பானவர்கள் எல்லாருக்கும்,

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் நீங்கள் வாசித்த, கரப்பந்தாட்ட அணியின் ஆறு பேரும் நிற்கவேண்டிய ஒழுங்கை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதைச் சொல்லத்தான் அன்று எழும்பினேன். "அக்கா, உது பெடியளின்ரை அலுவல், உங்களுக்கு விளங்காது" என்று ஒருவர் சொன்னார். பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். அப்படி இருந்தது பிழை. சொல்லவேண்டியதை இப்போது எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

பிள்ளைகளின் பெயரை இதில் எழுதமாட்டேன். சேட்டில் இருக்கிற இலக்கத்தால் எழுதுகிறேன். யார் எவர் என்று உங்களுக்கு விளங்கும்.

நான் கழக அங்கத்தவர் இல்லை. மைதானத்து வேலியோடு தையல் மெசின் போட்டிருக்கிறவள். 2010இல் மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து, காடு பிடித்துக் கிடந்த இந்த நிலத்தைத் துப்பரவாக்கி, அடுத்த வருடம் இரண்டு பனங்குற்றி நட்டு நெற் கட்டினார்களே, அந்த நெற்றுக்கு மேல்பட்டி இல்லை. எங்கள் கொட்டிலில் மிஞ்சிய தறப்பாளை வெட்டி நான்தான் பட்டி தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து பின்னேரம் நாலரைக்கு மெசினை மூடிவிட்டு மதகில் வந்து இருந்து பார்க்கிறேன். கடந்த மூன்று வருடமாக ஒவ்வொரு மட்சையும் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தை ஆறு கோடாகப் பிரிப்பேன். ஆறு பேரும் ஒவ்வொரு இடமாக மாறி நிற்பதைத்தான் சுழற்சி என்பது. ஒரு கோடு ஒரு சுழற்சிக்கு. எடுத்த புள்ளிக்கு ஒரு அடையாளம், விட்ட புள்ளிக்கு ஒரு அடையாளம். நாலு கொப்பி நிறைந்துவிட்டது. ஒருநாளும் நீங்கள் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

சுழற்சியை எனக்குச் சொல்லித்தந்தவர் என் அண்ணா. அவர் இதே கழகத்துக்குச் செற்றராக, அதாவது அடிக்கிறவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவராக ஆடியவர். சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்த பிறகு வெளியூர் அணிகள் வந்து ஆடிய நாட்கள் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மட்சுக்கு முதல்நாள் இரவு திண்ணையில் ஆறு புளியங்கொட்டையை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பார். "பாரடி, இந்தக் கொட்டை இங்கை வரேக்கை அந்தக் கொட்டை எங்கை நிக்குது எண்டு பார். அதுதான் விளையாட்டு" என்பார். 2009க்குப் பிறகு அண்ணா வரவில்லை. அவரோடு ஆடிய ஆறு பேரில் ஊருக்குத் திரும்பியவர் இருவர். அதில் ஒருவர் இன்று உங்கள் சபையில் இருக்கிறார். அவரே அன்று பட்டியலுக்குத் தலையாட்டினார் என்பதுதான் எனக்கு வலித்தது.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் ஓவர் கேமும் ஆடுவார்கள், செற்றப் கேமும் ஆடுவார்கள். நான் கதைப்பது செற்றர் தூக்கிக் கொடுக்க, ஆறு பேரும் சுற்றி ஆடுகிற செற்றப் கேம் பற்றி. ஆட்டம் தெரியாத ஊராக்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒருதரம் விளக்கமாகச் சொல்கிறேன். இப்போது சொல்வது நிற்கிற இடத்தின் இலக்கம், சேட் இலக்கம் இல்லை. சேர்விஸ் போடுகிற வலது பின்மூலை 1. நெற்றடியில் வலது 2, நடு 3, இடது 4. பின்னால் இடது 5, நடு 6. எதிரணியின் கையில் இருந்த சேர்விஸை நாங்கள் வென்று எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு பேரும் மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாக ஒரு இடம் நகரவேண்டும். 2இல் நின்றவர் 1க்கு வந்து சேர்விஸ் போடுவார். 5இல் நின்றவர் 4க்கு, முன்வரிசைக்கு வருவார். பின்வரிசையில் நிற்பவர் மூன்று மீற்றர் கோட்டுக்கு முன்னால் எழும்பி, நெற்றுக்கு மேலே நிற்கிற பந்தை அடிக்கக் கூடாது. எதிரணியின் அடியை நெற்றடியில் எழும்பி மறிக்கிற பிளொக்குக்கும் போகக் கூடாது. எவ்வளவு பெரிய அடிகாரனானாலும் ஆறு சுழற்சியில் மூன்றுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும்.

இந்தச் சட்டம் இருப்பதால்தான் யாரை எடுப்பது என்பதைப் போலவே யாருக்கு எதிர்முனையில் யாரை வைப்பது என்பதும் பெரிய கேள்வியாகிறது. 1க்கு எதிர் 4, 2க்கு எதிர் 5, 3க்கு எதிர் 6. மூன்று சோடி. ஒரு சோடியில் ஒருவர் பின்னால் போகும்போது மற்றவர் முன்னால் வந்துவிடுவார். அண்ணாவின் புளியங்கொட்டைக் கணக்கு முழுவதும் இந்தச் சோடிக் கணக்குத்தான்.

மூன்று வருடமாக எங்கள் அணி நின்ற ஒழுங்கு இது. இனி வருவது சேட் இலக்கம். செற்றர் 4ஆம் இலக்கம். அவருக்கு எதிர்முனையில் 10. இடது பக்கத்தால் அடிக்கிற 7உம் 11உம் ஒரு சோடி. நடுவில் எழும்புகிற 9உம் 2உம் ஒரு சோடி. இப்படி நின்றால் எந்தச் சுழற்சியிலும் 7, 11 இருவரில் ஒருவர் நெற்றடியில் நிற்பார். செற்றர் பின்னால் போகிற மூன்று சுழற்சியில் 10உம் முன்னால் இருப்பார். ஆகக் குறைந்தது ஒரு நல்ல அடி, பாதி நேரம் இரண்டு. கை வறண்ட சுழற்சி என்று ஒன்று இல்லை.

நீங்கள் வாசித்த புதிய ஒழுங்கில் 7, 11, 10 மூவரும் ஒன்றாக முன்வரிசையில் தொடங்குகிறார்கள். 4ஆம் இடத்தில் 7, 3ஆம் இடத்தில் 11, 2ஆம் இடத்தில் 10. பின்னால் சேட் இலக்கம் 2உம் 9உம், சேர்விஸ் மூலையில் செற்றராகப் புதிதாக வந்த 14. 4ஆம் இலக்கம் வெளியே வாங்கில். "தொடக்கத்திலேயே மூன்று பெரிய அடியும் முன்னுக்கு நிண்டால் எதிரணி பயந்து போவான்" என்று விளக்கம் சொன்னீர்கள். முதல் சுழற்சியில் பயப்படுவான்தான். அதற்குப் பிறகு?

கொட்டையை நகர்த்திப் பாருங்கள். முதல் சுழற்சியில் முன்னால் மூன்று அடிகாரர். அடுத்ததில் இரண்டு. அடுத்ததில் ஒன்று. நாலாவதில் ஒருவரும் இல்லை. 7 சேர்விஸ் மூலையில், 11 நடுப்பின்னால், 10 இடது பின்னால். நெற்றடியில் 14, 9, 2. செற்றரும் இரண்டு நடுப்பிள்ளைகளும். ஐந்தாவதில் ஒன்று, ஆறாவதில் இரண்டு. முதல் சுழற்சியில் மூன்று பேரின் பலத்தையும் சேர்த்துச் செலவழித்ததற்கு நாலாவது சுழற்சியில் கடன் கட்டவேண்டும்.

இதைக் கொப்பியில் வைத்து மட்டும் சொல்லவில்லை. போன மாதம் நல்லெண்ண ஆட்டத்தில் நீங்களே இதைச் செய்து பார்த்தீர்கள். முதல் செற் பழைய ஒழுங்கில் ஆடி 25க்கு 18 என்று வென்றோம். இரண்டாவது செற்றுக்குப் புதிய ஒழுங்கு. ஒரு புள்ளி எடுத்து 18க்கு 14 என்று முன்னுக்கு நின்றோம். அந்தப் புள்ளியோடு சேர்விஸ் எங்களுக்கு வந்தது, சுற்றினோம், நாலாவது சுழற்சி விழுந்தது. 7 சேர்விஸ் போட்டார், பந்து திரும்பி வந்தது, எடுத்தோம், அடிக்க ஆளில்லை, மெல்லத் தள்ளிவிட்டோம், அடி வாங்கினோம். அதன் பிறகு அவர்களின் சேர்விஸ். அந்த முதல் அடியோடு சேர்த்துத் தொடர்ந்து ஏழு புள்ளி போய் 18க்கு 21. இரண்டு ரைம் அவுட்டும் அந்த ஒரு சுழற்சிக்குள்ளேயே முடிந்துவிட்டது. ரைம் அவுட்டில் நீங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது மதகில் இருந்த எனக்கும் கேட்டது: "கவனமா ஆடுங்கோடா." அந்தப் பிள்ளைகள் கவனமாகத்தான் ஆடினார்கள். நெற்றடியில் அடிக்கிற கை இல்லாதபோது கவனத்தால் என்ன செய்வது? அந்தச் செற்றையும் விட்டு, மூன்றாவதையும் விட்டு, 7 தலைகுனிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். தோல்வியைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு நீங்கள் மண்டபத்துக்குள் போய்விட்டீர்கள்.

முந்திய காலத்தில் இப்படி ஒரு சுழற்சியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம். அண்ணா ஆடத் தொடங்கின காலத்து ஆட்டம் 15 புள்ளி ஆட்டம். சேர்விஸ் போடுகிற அணிக்கு மட்டும்தான் புள்ளி. எங்கள் சேர்விஸில் பிழைவிட்டால் சேர்விஸ் போகும், புள்ளி போகாது. இப்போது யார் சேர்விஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. மூன்றாவது செற் 15 உடன் முடிந்துவிடும். அங்கே ஒரு சுழற்சியில் நாலு புள்ளி போனால் மட்ச் போய்விட்டது. சட்டம் மாறி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஒழுங்கு போடுகிறவர்களும் அதற்கேற்ற மாதிரி யோசிக்க வேண்டாமா?

"சேர்விஸ் போனபிறகு இடம் மாறலாம்தானே" என்று அன்று ஒருவர் சொன்னார். மாறலாம். முன்வரிசையில் நிற்பவர்கள் தங்களுக்குள் மாறலாம், பின்வரிசையில் நிற்பவர்களும் அப்படி மாறலாம். ஆனால் பின்வரிசைக்காரர் முன்னுக்கு ஓடிவந்து நின்றாலும் சட்டப்படி அவர் பின்வரிசைக்காரர்தான். "7 பின்னால் நிண்டே அடிப்பான்" என்றும் சொன்னார்கள். அடிப்பார், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு மூன்று மீற்றர் கோட்டுக்குப் பின்னால் அளவாக, உயரமாகப் பந்து வரவேண்டும். அந்தப் பந்தைக் கொடுக்கத் தெரிந்த ஒரே பிள்ளையைத்தான் நீங்கள் வாங்கில் இருத்திவிட்டீர்கள்.

4ஆம் இலக்கத்தைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது.

அவர் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். "செற்றர் உயரமாய் இருக்கவேணும், பிளொக்குக்கு ஆள் காணாது" என்பதுதான் நீங்கள் சொன்ன ஒரே காரணம். அந்தக் குறை உண்மை. அதை நான் மறைக்கவில்லை, கொப்பியிலும் இருக்கிறது. 4 முன்வரிசைக்கு வந்து வலது பக்கத்தில் நிற்கும்போது எதிரணியின் இடதுபக்க அடிகாரன் அவருடைய தலைக்கு மேலால் அடிக்கிறான். விட்ட புள்ளிகளில் நிறைய அப்படிப் போனவைதான். ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது. எதிரணியின் பலமான அடி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பந்து போனதும் 4ஐ மற்றப் பக்கத்துக்கு மாற்றி, 10 அளவு உயரமான ஒருவரையோ நடுப்பிள்ளையையோ அந்தப் பலமான அடிக்கு முன்னால் நிறுத்தலாம். முன்வரிசைக்குள் மாறுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. இதை ஒருநாளும் பழக்கிப் பார்க்காமல், குறையைக் கண்டதும் ஆளையே தூக்கிவிட்டீர்கள்.

அவர் செய்கிற வேலையைச் சொல்கிறேன். அவரும் 11உம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சேர்ந்து ஆடுகிறார்கள். 4 தன் அப்பாவோடு மேசன் வேலைக்குப் போய்விட்டு, கையில் காய்ந்த சீமெந்தோடு நேரே மைதானத்துக்கு வருவார். மற்றவர்கள் வரமுன் இரண்டு பேரும் அரைமணித்தியாலம் தனியே நிற்பார்கள். ஒருவர் பந்தைத் தூக்க ஒருவர் ஓடுவார். ஒரு சொல் கதைக்கமாட்டார்கள். 11 எந்தக் காலை ஊன்றி எழும்புவார், களைத்தால் எவ்வளவு சுணங்குவார், கோபம் வந்தால் எவ்வளவு முந்துவார் என்பதெல்லாம் 4இன் விரலுக்குத் தெரியும். பந்து அவர் கையைவிட்டுப் போகும்போது 11 ஏற்கெனவே காற்றில் நிற்பார். ஒருவர் நெற்றைப் பார்த்தபடி பின்னுக்கு விடுகிற பந்தை மற்றவர் நம்பி ஓடுவதென்றால் அது ஒரு கிழமைப் பயிற்சியில் வருகிற விசயமா? ஆயிரம் தரம் பிழைவிட்டுத்தான் அங்கே வந்து நிற்கிறார்கள். அதை உயரத்தை அளந்து பிரிக்கிறீர்கள்.

இன்னொன்று, எங்கள் மைதானத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள். சோளகம் தொடங்கிவிட்டது. குளத்துப் பக்கத்தால் வருகிற காற்று நெற்றுக்குக் குறுக்கே அடிக்கிறது. 14 விடுகிற பந்து உயரமான, மெதுவான பந்து. உள்ளரங்கில் அது நல்ல பந்து. எங்கள் வெளியில் அது விட நினைத்த இடத்துக்கு வராது. நல்லெண்ண ஆட்டத்தன்று எத்தனைதரம் 7 எழும்பிய பிறகு பந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது என்று பார்த்தீர்களா? 4 இந்தக் காற்றில் வளர்ந்தவர். பந்தைத் தாழ்த்தி, நெற்றோடு ஒட்டி, விரைவாகக் கொடுப்பார். காற்றுக்கு அதைத் தொட நேரம் இருக்காது. வரப்போகிற சுற்றுப்போட்டியும் வெளியில்தான், போக்கஸ் லைற்றில்தான் நடக்கப்போகிறது.

அன்றைய ஆட்டத்தில் மத்தியஸ்தர் இரண்டுதரம் விசில் அடித்து, இடப்பிழை என்று புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தார். சேர்விஸ் அடிபடுகிற கணத்தில் பக்கத்தில் நிற்கவேண்டியவரும் முன்னால் நிற்கவேண்டியவரும் ஒழுங்கு மாறி நின்றார்கள். மூன்று வருடத்தில் எங்கள் பிள்ளைகள் இந்தப் பிழை விட்டது கொப்பியில் மிக அரிது. வழமையாகப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தே இவர்கள் தங்கள் இடத்தை அறிவார்கள். அந்தப் பக்கத்து ஆளை மாற்றினால் பிள்ளை எதைப் பார்த்து நிற்பான்?

14ஆம் இலக்கப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொழும்பில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார். ஆறடி ஒரு அங்குலம். மரியாதையான பிள்ளை. தனக்குத் தெரியாத இடத்தில் நிறுத்தப்பட்டு, ஆக்களுக்கு முன்னால் அவமானப்பட்டது அவர்தான். அவர் நல்லாய் எழும்புவார், கை நெற்றுக்கு மேலால் நிறைய வருகிறது. அப்படிப்பட்டவரை நடுவில் விட்டுப் பிளொக் போடவைக்க வேண்டும். 9க்கு எதிர்முனையில், இப்போது 2 நிற்கிற இடத்தில் அவரை விடுங்கள்.

அப்போது 2 எங்கே போவார் என்று கேட்பீர்கள். அவருக்குத்தான் லிபரோ உடுப்பைக் கொடுக்கவேண்டும். 1998இல் சர்வதேச ஆட்டத்துக்கு லிபரோ வந்தது, பின்வரிசையில் பந்தெடுக்கவென்றே ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. அவர் பிளொக் போகக் கூடாது, நெற்றுக்கு மேலே உள்ள பந்தை அடிக்கக் கூடாது. சாதாரண ஆள்மாற்றம் ஒரு செற்றில் ஆறுதான். லிபரோ உள்ளே வருவதும் போவதும் அந்தக் கணக்கில் சேராது. இவ்வளவு பெறுமதியான இடத்தை எங்கள் கழகத்தில் பட்டியலில் மிஞ்சிய பிள்ளைக்குக் கொடுக்கிறோம். நிறம் வேறான சேட் ஒன்று கிடக்கிறது, யாராவது போடட்டும் என்ற மாதிரி. 2ஐப் பாருங்கள். வயலில் உழவு இயந்திரம் ஓட்டுகிற பிள்ளை, நிலத்தோடு நிலமாய்ப் பதிந்து பந்தெடுப்பார். நெற்றடியில் எழும்புவதுதான் அவருக்குக் கஷ்டம். அவரை நடுவில் விட்டு எழும்பச் சொல்லி மூன்று வருடம் வருத்தியிருக்கிறோம். பழைய ஒழுங்கிலும் இது பிழைதான் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். 9உம் 14உம் பின்னால் போகும்போது 2 உள்ளே வரட்டும். முதல் பந்து நல்லாய்ச் செற்றரின் தலைக்குப் போனால் மற்றது எல்லாம் தன்பாட்டில் நடக்கும்.

இப்படிப் பார்த்தால் நான் ஒருவரையும் வெளியே போகச் சொல்லவில்லை. ஏழு பிள்ளைக்கும் அவரவர் இடம் இருக்கிறது.

இன்னுமொரு விசயம். எழுதாமல் விடத்தான் நினைத்தேன், ஊர் முழுக்கக் கதைக்கிறபடியால் எழுதுகிறேன். புதிய சேட்டும் நெற்றும் இரண்டு பந்தும் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊராக்களின் காசில் வந்தவை. அதற்கு நன்றியோடு இருக்கவேண்டும். தறப்பாள் பட்டி தைத்த எனக்கு ஒரு நல்ல நெற்றின் அருமை தெரியும். ஆனால் காசு தந்தவர்கள் யாரும் இந்த ஆறு பேரை இந்த ஒழுங்கில் நிறுத்துங்கள் என்று கேட்டதாக நான் நம்பவில்லை. அவர்கள் கேட்காததை, கேட்பார்கள் என்று நாங்களே நினைத்துக்கொண்டு செய்வது அவர்களுக்கும் மரியாதை இல்லை. விளையாட்டுக்கு உதவி செய்தவர் ஒரு நல்ல மட்சைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்.

ஆட்டத்தில் தோற்பது எனக்குப் பெரிய விசயமில்லை. போன வருடம் இறுதியாட்டத்தில் தோற்று, சங்கக்கடையடியில் எல்லாருமாய்ச் சோடா குடித்துவிட்டு இரவு பதினொரு மணிக்குச் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் இவர்கள். இந்த ஊரில் பின்னேரம் பெடியள் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்கிற இடம் இந்த ஒரு மைதானம்தான். வேறு என்னவெல்லாம் எங்கள் பிள்ளைகளைத் தேடி வருகிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 4 கடந்த பத்து நாளாக மைதானத்துக்கு வரவில்லை. 11 வருகிறார், தனியே சுவரில் பந்தை அடித்துக்கொண்டு நிற்கிறார். இதைப் பார்த்த பிறகுதான் நான் பேனையை எடுத்தேன்.

நான் கேட்பவை இவை.

சுற்றுப்போட்டிக்கு முன் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை மீளப்பெறுங்கள். 4ஐச் செற்றராகத் திரும்ப அழையுங்கள். ஆள் அனுப்பாமல் பொறுப்பானவர் ஒருவர் நேரே அவருடைய வீட்டுக்குப் போய் அழைக்கவேண்டும்.

7ஐயும் 11ஐயும் எதிர்முனைச் சோடியாக வையுங்கள். 4க்கு எதிர் 10. 9க்கு எதிர் 14. லிபரோ 2. இந்த ஒழுங்கில் குறைந்தது இரண்டு கிழமை பழகவிடுங்கள். 4 முன்வரிசையில் நிற்கும்போது பிளொக்கில் பக்கம் மாறுவதை ஒவ்வொரு நாளும் பத்து நிமிடமாவது செய்யவையுங்கள்.

ஒவ்வொரு செற்றுக்கும் முன் மத்தியஸ்தருக்குக் கொடுக்கிற ஒழுங்குத் தாளைப் பயிற்றுநரும் அணித்தலைவரும் சேர்ந்து எழுதட்டும். சபையிலிருந்து வேறு யாரும் செற்றுக்கும் செற்றுக்கும் இடையில் போய் மாற்றவேண்டாம்.

நல்லெண்ண ஆட்டத் தோல்வி 7இன் பிழை இல்லை என்று அந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளின் முன்னால் சொல்லுங்கள். 14க்கும் அதையே சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் எனக்குக் கால்மணித்தியாலம் தாருங்கள். நாலு கொப்பியையும் கொண்டுவருகிறேன். அண்ணாவோடு ஆடியவர் மேசையின் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். ஆறு புளியங்கொட்டை நான் கொண்டுவருவேன். என் கணக்குப் பிழை என்றால் அந்த மேசையில் கொட்டையை நகர்த்தி எனக்குக் காட்டுங்கள். சரியென்றால் அன்றைக்கே பட்டியலைத் திருத்துங்கள்.

சனிக்கிழமை பின்னேரத்துக்குள் பதில் தாருங்கள். மெசின் போட்டிருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மதகில் இருந்து பார்க்கிற உங்கள் ஊர் அக்கா